“என்னைக் கேட்டா எடுத்தாங்க?”

காலை ஏழு மணி. ஆரணியில் ஒரு நெசவாளர் தெரு. தெரு நீளத்துக்குக் குங்குமச் சிவப்பில் பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்றவர்கள் அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிபோட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டுமாம். இளவெயிலில் அந்த இழைகள் மின்னிய அழகை என்னவென்று சொல்ல! என் கை தானாகவே பைக்குள் போய் செல்போனைத் தேடியது. இந்தக் காலத்தில் யாருக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை?

என் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர். துணைக்கு வந்த என் ஓரகத்திக்கு அதுதான் பிறந்த ஊர். “கடைக்குப் போறதுக்கு முன்னாடி தறியில நெய்யறதைப் பார்த்துட்டுப் போகலாம் அக்கா” என்று தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

சின்ன வீடு. நடுக்கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதித்தபடி ஓர் அம்மாள் நெய்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பக்கத்தில் அவருடைய மாமியார் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறி ஓரத்தில் ஒரு பூனை சுருண்டு தூங்கியது. இதைவிட நல்ல படம் கிடைக்குமா? செல்போனைத் தூக்கினேன்.

சட்டென்று நாடா நின்றது. முந்தானை முகத்தை மறைத்தது.

“படம் எடுக்காதீங்கம்மா. வேணாம்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் முகத்தைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார். “கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இப்படித்தான் யாரோ நாலு பேரு வந்தாங்க. நல்லாத்தான் பேசினாங்க. நான் பாட்டுக்கு நெய்துகினு இருந்தேன். அப்புறம் ஒருநாள் என் பொண்ணு காலேஜுலேருந்து அழுதுகினே வந்தா. அவகூடப் படிக்கிற பொண்ணு போன்ல என் படம் வந்திருக்குது. கிழிஞ்ச ஜாக்கெட்டு, பின்னால இடிஞ்ச சுவரு. கீழே, பட்டு நெய்யற வூட்ல சோத்துக்கு வழியில்லைன்னு எழுதியிருக்குது. எங்க வூட்ல சோறு இல்லைன்னு யாரும்மா சொன்னது? ரெண்டு பேரும் உழைக்கிறோம், பொண்ணைப் படிக்க வைக்கிறோம். என்னைக் கேட்டா எடுத்தாங்க? என்னைக் கேட்டா எழுதினாங்க?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செல்போனைப் பைக்குள் போட்டேன். “வாம்மா, குந்து. காபித் தண்ணி குடிச்சிட்டுப் போவலாம்” என்று மாமியார் பாயை விரித்தார்.

இரண்டு நம்பிக்கைகள்

போட்டோ எடுத்தால் ஆயுசு குறைந்துவிடும் என்று நம் பாட்டிமார் பயந்தார்கள். நாம் கேட்டுச் சிரித்தோம். ஆனால் நமக்குச் சொந்தமான ஏதோ ஒன்று இன்னொருவர் கைக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தோன்றியது பொய்யில்லையே!

யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. காமிராவுக்கு முன்னால் இருப்பவர், ‘இவர் என்னைக் கேவலப்படுத்த மாட்டார்’ என்று நம்புகிறார். பிறகு அந்தப் படத்தைப் பார்ப்பவர், ‘இது உள்ளபடியே எடுத்தது’ என்று நம்புகிறார். ஆரணி அம்மாளின் விஷயத்தில் இரண்டுமே போய்விட்டன. அவர் மனம் புண்பட்டது. பார்த்தவர்கள் அந்த வீட்டில் சோறில்லை என்று நம்பினார்கள்.

பெயர் கேட்காத படம்

இது இன்று நேற்று வந்த சங்கடம் இல்லை. 1936-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவில் கடுமையான பொருளாதார நெருக்கடி. கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்க வந்த கூலிக்காரர்கள், பயிர் பாழாகிப்போனதால் வேலையின்றிக் கூடாரங்களில் கிடந்தார்கள். அரசாங்கத்துக்காகப் படம் எடுத்துவந்த டொரோதியா லேங்க் என்ற பெண்மணி அங்கே ஒரு தாயைப் பார்த்தார். வயது 32. மடியில் கைக்குழந்தை. இரண்டு குழந்தைகள் அவர் தோளில் முகம் புதைத்திருக்கின்றன. கன்னத்தில் கை வைத்து அந்தத் தாய் எங்கோ பார்க்கிறார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகமே அறிந்த படம் அது.

லேங்க் கெட்டவர் இல்லை. அந்த ஏழைகளுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்றுதான் எடுத்தார். படங்கள் பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு உணவும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் அந்தத் தாய் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டார். லேங்க் அவருடைய பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-ல்தான் அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் மனம் நொந்து சொன்னார். தனக்கு அதனால் ஒரு காசு வரவில்லை, படத்தின் பிரதி அனுப்புவதாகச் சொன்னவர் அனுப்பவும் இல்லை என்பது அவருடைய குறை. 1983-ல் அவர் நோயில் விழுந்தபோது, அந்தப் படத்தை மறக்காத ஜனங்கள் பணமும் கடிதமும் அனுப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல மனதோடு எடுத்த படம்தான், நல்லதும் செய்தது. என்றாலும் பெயரைக் கேட்டு, ஒரு பிரதியும் அனுப்பியிருந்தால் அந்தத் தாயின் மனம் எவ்வளவு குளிர்ந்திருக்கும்!

நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் பிறந்தவர். புடவை கட்டிக்கொண்டு, கனமான காமிராவைச் சுமந்துகொண்டு, நேருவையும் சுதந்திரம் வந்த நாட்களையும் படமாக்கியவர். 2011-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அப்படிப்பட்டவர் 1970-லேயே தொழிலை விட்டுவிட்டார். புதிதாக வந்த புகைப்படக்காரர்கள் நடந்துகொண்ட விதம் பிடிக்கவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். எதிரே நிற்பவருக்கு மரியாதை இல்லாத இடத்தில் தனக்கு வேலை இல்லை என்று நினைத்தார் போலும்!

பூனையும் யானையும்

காபி வந்தது. “பூனையையாவது எடுக்கலாமா?” என்றேன். “அதுக்கு இன்னா, எடுத்துக்குங்க. எலி பாவைக் கடிச்சிடும்னு வளர்க்கறோம்” என்று சிரித்தார் அந்த அம்மாள். நானும் பக்கத்தில் போய் செல்போனை அதன் மூக்கருகே நீட்டினேன். வெளிச்சம் பளிச்சென்று அடித்ததும் அது அலறி எழுந்து ஒரே தாவு! “ஐயோ, பாவுல வுழுந்துடப் போவுது!” என்று மாமியார் கத்தினார். நல்லவேளை, பூனை வாசல் பக்கம் ஓடியது. பாவில் விழுந்திருந்தால் எத்தனை இழை அறுந்திருக்குமோ!

மிருகங்களிடம் அனுமதி கேட்க முடியாது. ஆனால் அவை பதில் சொல்லத் தவறுவதில்லை. பிடிக்கவில்லையென்றால் ஓடும், அல்லது பாயும். இதை நன்றாக அறிந்தவர் நம் தமிழர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். முதுமலை யானைகளைக் கால்நடையாகவும் பழக்கிய யானை மேல் அமர்ந்தும் படமாக்கியவர் அவர். காட்டு யானை எப்போது சும்மா நிற்கும், எப்போது கோபிக்கும் என்று பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அல்லவா அதெல்லாம் முடியும்?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. லண்டனில் நடத்தப்படும் பெரிய காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009-ம் ஆண்டு ஓநாய் ஒன்று இரவில் வேலிப்படலைத் தாண்டும் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கி வளர்த்த ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். படம் என்னவோ அழகுதான். ஆனால் சந்தேகம் வந்த பிறகு அழகை யார் பார்க்கிறார்கள்?

ஆறு எங்கே?

மாலையில் கமண்டல நாகநதிக்குப் போனோம். ஓரகத்தி மகன் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். கரை புரண்டு ஓடும் ஆறு! குழந்தைகள் குளிக்கலாம் என்று துண்டெல்லாம் எடுத்துப் போயிருந்தோம். போய்ப் பார்த்தால் மணலும் முள்செடியும்தான்! “அது போன மழைக்கு எடுத்தது பெரியம்மா” என்றான். படம் பொய்யில்லை; எப்போது எடுத்தது என்று சொல்லாததுதான் எங்களை ஏமாற்றியது.

இயற்கைக் காட்சி வாய் திறந்து மறுக்காது என்பதால் அதை இஷ்டப்படி மாற்றலாம் என்று பெரிய பத்திரிகைகளே நினைத்ததுண்டு. 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ அட்டையில் எகிப்தியப் பிரமிடுகளின் படம் வந்தது. அகலமான படம் நீளமான அட்டைக்குள் அடங்கவில்லை என்று கம்ப்யூட்டர் மூலம் பிரமிடுகளை நெருக்கி வைத்துவிட்டார்கள்! விஷயம் வெளியே வந்து ஏகப்பட்ட கண்டனம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் நின்றதை ஓர் அட்டைக்காக நகர்த்தலாமா?

புடவை விஷயத்திலும் இதே கதைதான். ஆரணிப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்வதுண்டு. இப்படித் திருப்பினால் பச்சை, அப்படித் திருப்பினால் நீலம். காமிராவோ ஏதாவது ஒரு நிறத்தைத்தான் காட்டும். செல்போனில் படம் பார்த்துப் புடவை வாங்குகிறவர்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். மடிப்பைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முந்தானை, கரை, உள்பக்கம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

இளம் தாய்மார்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். காமிராவுக்கு முன்னால் நம்மை முழுக்க நம்பி நிற்பவர் நம் குழந்தைதான். வேண்டாம் என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதனால் அதன் சார்பில் நாம்தான் யோசிக்க வேண்டும்.

1. குளிக்கும் படம், துணியில்லாத படம் வீட்டு ஆல்பத்தோடு இருக்கட்டும். உறவினர் குழுவுக்குக்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிய படம் எங்கெங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

2. குழந்தை அழும்போது, அடம் பிடிக்கும்போது எடுத்துச் சிரிக்காதீர்கள். முதலில் தூக்கிச் சமாதானப்படுத்துங்கள். பெரியவளான பிறகு இதைப் பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

3. பள்ளிச் சீருடை, பள்ளியின் பெயர், வீட்டு வாசல் தெரியும் படங்களை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம்.

4. பேசத் தெரிந்த குழந்தையிடம், “எடுக்கட்டுமா கண்ணு?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தன் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த குழந்தை, நாளைக்கு அந்நியர் யாராவது படம் எடுக்க வந்தாலும் தைரியமாக மறுக்கும். உங்களிடம் வந்து சொல்லவும் சொல்லும்.

5. பிறர் வீட்டுக் குழந்தையை எடுத்தால் அதன் அம்மாவைக் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர், காய்கறிக்காரம்மா, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் எல்லாருக்கும் இதே மரியாதை உண்டு.

6. யாராவது, “என் படத்தை எடுத்துவிடுங்கள்” என்றால் காரணம் கேட்காமல் உடனே எடுத்துவிடுங்கள்.

கையில் கொடுத்த படம்

ஒரு மாதம் கழித்து, சம்பந்தி வீட்டாருக்குப் புடவை எடுக்க மறுபடி ஆரணி போனோம். அதே வீட்டுக்குக் கொஞ்சம் பலகாரம் கொண்டுபோனேன். செல்போன் பைக்குள்ளேயே இருந்தது. பேச்சு பெண்கள் படிப்பு, கல்யாணச் செலவு, முழங்கால் வலி என்று எங்கெங்கோ போனது. கிளம்பும்போது அந்த அம்மாளே, “அன்னிக்கு ஆசைப்பட்டீங்களே, இன்னிக்கு எடுங்க” என்றார்.

ஆனால் நிபந்தனைகள் போட்டார். மாமியாரும் கூட இருக்க வேண்டும். தறியும் பாவும் தெரிய வேண்டும். அந்தச் சுவர் மட்டும் வேண்டாம். படத்தைச் செல்போனில் அனுப்பக்கூடாது, கையில் கொடுக்க வேண்டும்.

சுவரை விட்டு எடுத்தால் அது பொய்யாகாதா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அவரே கேட்டார்: “உங்க வூட்டுக்கு யாரானா வந்தா கொல்லைப்பக்கமா கூட்டினு போறீங்க?” நியாயம்தானே! இல்லாத சுவரை எழுப்பிக் காட்டச் சொல்லவில்லை. இருப்பதில் எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையைத்தான் கேட்டார். நான் கொஞ்சம் நகர்ந்து நின்று எடுத்தேன். முந்தானையைச் சரி செய்துகொண்டு, நாடாவைக் கையில் பிடித்தபடி அவர் நேராக என்னைப் பார்த்தார்.

பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினேன். நாலு நாள் கழித்து ஓரகத்தி மூலமாக விசாரித்துப் போன் வந்தது. “வந்துச்சும்மா. எங்க மாமியா சிரிச்சினு கீது, பார்த்தீங்களா? அது சிரிச்சு நானே பார்த்ததில்ல!”

அந்தப் படத்தை ஏன் இந்தக் கட்டுரையோடு போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவர் அதை எடுக்கச் சொன்னது அவர் வீட்டுக்காக. பத்திரிகையில் போடலாமா என்று நான் அவரைக் கேட்கவில்லையே!