நோயுற்ற பூனையும் நேர்மையான விண்ணப்பமும்

விவிலியத்தில் பூனையைத் தேடுவோர் நெடுநேரம் தேட வேண்டியிருக்கும். தோபித்து நூலில் இளைஞர் தோபியாவுடன் ஒரு நாய் வழிநடக்கிறது. ஆடும் மாடும் கழுதையும் ஒட்டகமும் பல இடங்களில் வருகின்றன. பூனையோ பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில், உயிரற்ற சிலைகள்மீது அச்சமின்றி ஏறி அமரும் பிராணியாக மட்டுமே தலைகாட்டுகிறது.

ஆயினும் புனிதர் வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் உண்டு. புனித பிலிப்பு நேரியார் 1583-ஆம் ஆண்டில் தம் பழைய உறைவிடத்தை விட்டு, உரோமை நகரின் வல்லிச்செல்லா இல்லத்திற்குக் குடிபெயர்ந்தார். பழைய இல்லத்தில் தங்கிவிட்ட தம் பூனைக்கு நாள்தோறும் உணவளித்து வருமாறு சகோதரர்களை அவர் அனுப்பினார் என்பர். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும், விலங்குகளிடம் கனிவு காட்டிய புனிதர்களுக்கு எடுத்துக்காட்டாக அசிசி நகர்ப் பிரான்சிசோடு இவரையும் பெயர் சுட்டிக் கூறுகிறது.

கனிவு எளிது, அதற்காகும் செலவே நம்மைச் சோதிக்கிறது. இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் நம் பங்கு மகள் ஒருவர் அண்மையில் ஓர் ஐயத்தை எழுதிக் கேட்டிருந்தார். அவர் வளர்க்கும் ஒன்பது வயதுப் பூனைக்கு நீரிழிவு நோய் கண்டுள்ளது. நாளுக்கு இருமுறை இன்சுலின் ஊசி, அவ்வப்போது இரத்தப் பரிசோதனை, தனி உணவு எனச் செலவு நீள்கிறது. இனியேனும் அதற்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று எண்ணியபோது, உடன் பணிபுரிபவர் ஒருவர், "நோயைப் பற்றி விண்ணப்பத்தில் எழுத வேண்டாம், சில மாதங்கள் கழித்துப் பில்லை அனுப்பினால் போதும்" என்றாராம். "சுவாமி, ஒரு வாயில்லாப் பிராணிக்காகச் சொல்லும் பொய்யும் பாவமாகுமா?" என்பதே அவரது கேள்வி. அவருக்கு எழுதிய மறுமொழியை, வெளிநாடுகளில் பிள்ளைகளைக் கொண்டுள்ள வாசகர்களுக்கும் பயன்படுமாறு சற்றே விரித்து இங்குத் தருகிறோம்.

காப்பீட்டின் அடித்தளம்

கறவை மாட்டிற்குக் காப்பீடு செய்துள்ள நம் கிராமத்துக் குடும்பங்கள் இதன் நெறியை நன்கறியும். கால்நடை மருத்துவர் வந்து, மாடு நோயின்றி இருக்கிறது எனச் சான்று தருகிறார். காதில் எண்ணிட்ட வில்லை பொருத்தப்படுகிறது. அதன் பின்னரே காப்பீடு. நோயில் விழுந்துவிட்ட மாட்டிற்கு எவரும் காப்பீடு தருவதில்லை. மேல்நாட்டுச் செல்லப் பிராணிகளின் காப்பீடும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். ஸ்வீடன் நாட்டில் 1890-இல் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் தொடங்கிய ஏற்பாடு பிற்காலத்தில் நாய்க்கும் பூனைக்கும் விரிந்தது.

பலர் சிறுகச் சிறுகச் செலுத்தும் பொதுப் பணத்திலிருந்து, எதிர்பாராத இடருக்கு உள்ளாகும் சிலருக்கு உதவுவதே காப்பீடு. யாருக்கு எது நேரும் என்பதை எவரும் அறியாதிருப்பதே அதன் அடித்தளம். மணமகன் வந்துவிட்டபின் எண்ணெய் வாங்க ஓடிய கன்னியரைப் போல, நோய் வந்தபின் காப்பீட்டைத் தேடுவோர் கதவு அடைபட்டிருக்கக் காண்கின்றனர். இது நிறுவனங்களின் கல்நெஞ்சம் அன்று. நோய் கண்டபின் சேரலாம் என்றால் எவரும் நலமாயிருக்கும்போது சேரமாட்டார். பொதுப் பணமும் வற்றிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். நோயின் பெயர் பின்னர்த் தெரியவந்தாலும், அதன் அறிகுறி காப்பீட்டிற்கு முன்னரே தோன்றியிருந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் அதை முன்பே இருந்த நோயாகவே கொள்ளும். மிகுதியாக நீர் பருகுதல், உண்டும் மெலிதல் போன்ற அறிகுறிகள் நீரிழிவிலும், தைராய்டு சுரப்பி மிகைப்படும் நோயிலும் காணப்படும். முதிய பூனைகளுக்குப் பெரிதும் வரும் சிறுநீரக நோயிலும் நீர் வேட்கையும் மெலிவும் உண்டு. இவை மருத்துவரின் குறிப்பேட்டில் முன்னமே பதிவாகியிருக்கக் கூடும்.

மறைப்பதால் விளைவது

இங்கிலாந்தில் 1766-ஆம் ஆண்டில் ஒரு புகழ்பெற்ற வழக்கு நடைபெற்றது. சுமத்ரா தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டை ஒன்று பகைவர் கைப்படுவதற்கு எதிராகக் காப்பீடு செய்யப்பட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். அவ்வழக்கில் மான்ஸ்பீல்டு பிரபு, காப்பீடு செய்வோரும் தருவோரும் ஒருவருக்கொருவர் முழு நேர்மையுடன் நடக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற நெறியை நிலைநாட்டினார். அவ்வழக்கில் தோற்றது பணம் தர மறுத்தவரே என்பதையும் நினைவிற்கொள்க. நேர்மை இரு தரப்பாரையும் கட்டும்.

அந்நாட்டில் 2012-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கேட்கப்படும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராதவாறு தக்க கவனம் எடுத்துக்கொள்வது காப்பீடு பெறும் தனிமனிதரின் கடமை. வேண்டுமென்றே பொய்யுரைத்தால் நிறுவனம் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கலாம். செலுத்திய பிரீமியத்தையும் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. பணம் கோரும்போது மருத்துவரின் முழுக் குறிப்பேடும் கேட்கப்படுவது வழக்கம். ஆகவே, அப்பொய் அந்தப் பூனையைக்கூடக் காப்பாற்றாது.

அகப்படாவிடினும் பொய் பொய்யே. அது எட்டாம் கட்டளையை மட்டுமன்று, ஏழாம் கட்டளையையும் மீறுவதாகும். ஏனெனில் அவ்வாறு பெறும் பணம், உண்மை சொல்லி மாதந்தோறும் செலுத்தி வரும் ஒரு முதியவரின் பங்காகவும் இருக்கலாம்.

செய்யக்கூடியவை யாவை?

நோய் தோன்றுமுன்பே காப்பீடு எடுத்திருப்போர் அதை இடையறாது புதுப்பித்து வர வேண்டும். குறைந்த பிரீமியத்தை நாடி வேறு நிறுவனத்திற்கு மாறினால், பழைய நோய் அங்கே முன்பே இருந்த நோயாகிவிடும். பன்னிரண்டு மாதங்களோடு உதவி நின்றுவிடும் காப்பீடும் உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க நீடித்துவரும் வாழ்நாள் காப்பீடும் உண்டு. நாட்பட்ட நோய்க்குப் பின்னதே பொருந்தும். இளம் பூனை வளர்ப்போர் இதைத் தொடக்கத்திலேயே ஆராய்வது நலம். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.

இதுவரை காப்பீடு இல்லாதவர், நோயை உள்ளவாறு தெரிவித்தே விண்ணப்பிக்கலாம். அந்நோயை விலக்கிவிட்டு, விபத்துக்கும் பிற நோய்களுக்கும் காப்பீடு தரும் நிறுவனங்கள் உள்ளன. நீரிழிவோடு தொடர்புள்ளவை என்று எவற்றையெல்லாம் விலக்குவர் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். குறித்த காலம் வரை அறிகுறியும் சிகிச்சையும் இல்லாதிருந்தால் பழைய நோயை மீண்டும் கருதும் நிறுவனங்களும் சில உண்டு. நீரிழிவுற்ற பூனைகளுள் சில, நல்ல சிகிச்சையாலும் மாவுச்சத்துக் குறைந்த உணவாலும் இன்சுலின் தேவைப்படாத நிலையை அடைகின்றன. ஆதலால் இக்கேள்வி வீணன்று. ஆனால் மருத்துவர் கூறாமல் ஊசியை நிறுத்துதல் ஆகாது.

பிரீமியமாகச் செலுத்த எண்ணிய தொகையை மாதந்தோறும் தனியே சேமித்து வருவதும் ஒரு காப்பீடே. மருத்துவரிடம் எழுத்து வடிவில் மருந்துச்சீட்டு பெற்று, விலை குறைந்த இடத்தில் மருந்து வாங்கலாம். ஏழைகளின் பிராணிகளுக்கென்று மரியா டிக்கின் அம்மையார் 1917-இல் இலண்டனின் வைட்சேப்பல் பகுதியில் தொடங்கிய இலவச மருத்துவப் பணி இன்றும் தொடர்கிறது. அரசு உதவி பெறும் குடும்பங்கள் அதை நாடலாம்.

அன்பிற்கும் ஓர் ஒழுங்கு

மறைக்கல்வி மற்றொன்றையும் நினைவூட்டுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்பிற்கு முரணானது. அதே வேளையில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றின்மீது செலவிடுவதும் தகாது என்கிறது 2418-ஆம் எண். ஊரிலுள்ள தாயின் மருந்துக்கு அனுப்பும் பணம் குறையுமாயின், பூனையின் சிகிச்சையை எளிமையாக்கிக்கொள்வது கொடுமை ஆகாது. அதன் வேதனையைத் தணித்து, உணவும் நீரும் தந்து பேணினால் நம் கடமை நிறைவேறும். தாயின் பணமும் குறையாமல், பொய்யும் கலவாமல் அவ்வூசிக்கு வழி இருக்குமாயின், அச்செலவைக் குறித்து எவரும் நாணவேண்டியதில்லை.

வாயில்லாப் பிராணிக்குப் பரிவு காட்டும் உள்ளம் ஆண்டவர் தந்த கொடை. அப்பரிவை உண்மையோடு இணைத்துக் காப்பதே நம் கடன்.