கதிரின் அழகும் களத்தின் விளைச்சலும்

நுழையும்முன்

உழவர் ஒருவர் தம் வயலில் கண்டறிந்த புதுமை அடுத்த ஊருக்குச் சென்று சேர்வது எவ்வாறு? வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாத காலத்தில் அமெரிக்க உழவர்கள் இவ்வினாவிற்குக் கண்ட விடைகளுள் ஒன்று மாநில வேளாண் பொருட்காட்சி. கல்வியும் களிப்பும் ஒன்று கலந்த அவ்விழாக்களுள் அயோவா மாநிலப் பொருட்காட்சி புகழ்மிக்கது. அதன் வரலாற்றையும் காட்சிப்பொருள்களையும், அத்தகைய காட்சிகள் எழுப்பிய அறிவியல் வினா ஒன்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1807ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில், எல்கனா வாட்சன் என்பவர் மெரினோ இனச் செம்மறியாடுகள் இரண்டினைப் பொதுவிடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார். மென்மையான கம்பளி தரும் அவ்வாடுகளைக் காண மக்கள் திரண்டனர். நேரில் காட்டுவதே உழவர்க்குச் சிறந்த பாடம் என்பதை உணர்ந்த அவர், கால்நடைக் காட்சிகளைத் தொடர்ந்து நடத்தினார். இம்முயற்சியே வளர்ந்து, 1841இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் முதல் மாநிலப் பொருட்காட்சியாக மலர்ந்தது.

1846இல் தனி மாநிலமான அயோவா, எட்டு ஆண்டுகளுக்குப்பின் ஃபேர்ஃபீல்டு நகரில் தன் முதல் பொருட்காட்சியை நடத்தியது. தொடக்கத்தில் விழா ஊர் ஊராக இடம் மாறியது. இதனால் பல பகுதி உழவர்களும் அதனைக் காண இயன்றது. 1879இல் தலைநகர் டி மொயினுக்கு வந்து, 1886 முதல் இன்றைய திடலில் நிலைபெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும், பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டிலும் விழா நடைபெறவில்லை. இன்று ஆகஸ்டு மாதத்தில் பதினொரு நாள் நிகழும் இவ்விழாவிற்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வருகின்றனர்.

தொழுவமும் அரங்கமும்

மாடு, குதிரை, பன்றி, ஆடு, கோழி ஆகிய ஒவ்வொன்றிற்கும் இங்குத் தனிப் போட்டிகள் உண்டு. நடுவர் விலங்கின் நடை, எலும்புக்கட்டு, தசைச்செறிவு ஆகியவற்றை நோக்குகிறார். பின்னர், ஒன்றனை முதலாவதாகவும் மற்றொன்றை இரண்டாவதாகவும் தேர்ந்தமைக்கான காரணத்தை ஒலிபெருக்கியில் விளக்குகிறார். பரிசு பெறாதவரும் தம் விலங்கின் குறையை அறிந்து திரும்புவதால், அரங்கமே வகுப்பறையாகிறது. முதற்பரிசின் அடையாளம் நீலநிற நாடா.

இளையோர்க்கான போட்டிகள் சிறப்புடையன. மாணவர்கள் கன்றுக்குத் தீவனம் அளந்து இடுவர், குளிப்பாட்டுவர், கயிற்றுக்குப் பணிந்து நடக்கப் பழக்குவர், செலவுக்கணக்கும் எழுதுவர். இறைச்சிக்கென வளர்க்கப்பட்டு வெற்றி பெற்ற விலங்குகள் இறுதியில் ஏலம் விடப்படுகின்றன. தாமே பெயரிட்டு வளர்த்த விலங்கைப் பிரியும்போது கண்கலங்கும் சிறாரும் உண்டு. உணவின் பின்னால் ஓர் உயிரும் ஓர் உழைப்பும் இருப்பதை அவ்வேளை அவர்கள் உணர்கின்றனர்.

தெரியுமா?

1911 முதல் இப்பொருட்காட்சியில் வெண்ணெயால் ஆன பசுவின் உருவம் இடம்பெற்று வருகிறது. மரமும் கம்பிவலையும் கொண்ட சட்டத்தின்மீது ஏறத்தாழ 270 கிலோகிராம் வெண்ணெய் பூசி, குளிரூட்டப்பட்ட கண்ணாடி அறையில் இது வடிக்கப்படுகிறது. விழா முடிந்தபின் அவ்வெண்ணெய் சேமிக்கப்பட்டு, மீண்டும் சிற்பத்திற்கே பயன்படுகிறது.

அழகா, விளைச்சலா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோவாவின் மக்காச்சோளப் போட்டிகளில் தோற்றமே அளவுகோலாக இருந்தது. மணிகள் நேர்வரிசையில் அமைந்த, ஒரே சீரான பருமனுள்ள கதிருக்கே பரிசு கிடைத்தது. அழகிய கதிரே மிகுந்த விளைச்சல் தரும் என உழவர் நம்பினர். அதனையே விதையாகவும் கொண்டனர்.

பதினாறு அகவையினரான ஹென்றி வாலஸ் என்னும் மாணவர் இந்நம்பிக்கையை ஐயுற்றார். 1904இல், வல்லுநர் தரவரிசைப்படுத்திய கதிர்களின் மணிகளை அவர் தனித்தனி வரிசைகளில் விதைத்தார். அறுவடையின்போது ஒவ்வொரு வரிசையின் விளைச்சலையும் நிறுத்துப் பார்த்தார். அழகில் முதலிடம் பெற்ற கதிரின் வழிவந்த பயிர், விளைச்சலில் கடைநிலைப் பயிர்களுள் ஒன்றாக நின்றது!

பரிசு வழங்கும் முறையே உழவரைத் தவறான விதைக்கு அழைத்துச் செல்லக்கூடும் என்பதை இவ்வாய்வு காட்டியது. பின்னர் வாலஸ் வீரிய ஒட்டு விதைகளை உருவாக்கி, 1926இல் விதை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்க வேளாண் அமைச்சராகவும் துணைக் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். 1940களின் தொடக்கத்தில் அயோவாவின் மக்காச்சோள வயல்கள் ஏறத்தாழ முழுமையும் ஒட்டு விதைக்கு மாறின. விளைச்சல் பெருகியது; ஆயினும், ஒட்டு விதையின் வீரியம் அடுத்த தலைமுறையில் குன்றுவதால், ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்கும் நிலையும் உழவர்க்கு ஏற்பட்டது.

நிறைவாக

அயோவாவில் பிறந்த நார்மன் போர்லாக் நிறுவிய உலக உணவுப் பரிசு, இன்று டி மொயின் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வழங்கப்படுகிறது. 1987இல் அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவர் தமிழரான எம்.எஸ். சுவாமிநாதன். உழவறிவிற்கு நாட்டெல்லை இல்லை என்பதற்கு இதுவே சான்று. பொருட்காட்சி உழவின் பெருமையைக் கண்முன் நிறுத்துகிறது. கண்டதை அளந்தறியும் அறிவோ, அப்பெருமையை வயலில் விளைச்சலாக்குகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் நடைபெறும் கால்நடைச் சந்தை அல்லது வேளாண் கண்காட்சிக்குச் சென்று, சிறந்தது எனத் தேர்ந்தெடுப்பதற்கு அங்குக் கையாளப்படும் அளவுகோல்கள் எவை எனக் கேட்டறிந்து, வகுப்பில் கலந்துரையாடுக.