சிமென்ட்டைத் தேடினால் சினிமா வரும்

ஒரு நிறுவனத்தைப் பற்றியோ அது விற்கும் பொருளைப் பற்றியோ மக்கள் இணையத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அன்றாடம் திரட்டிப் படிப்பதே சமூக ஊடகக் கண்காணிப்பு. யூடியூப் வீடியோக்களின் கீழ் வரும் கருத்துகள், எக்ஸ் பதிவுகள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பொதுப் பக்கங்கள், கூகுள் மேப்பில் கடைகளுக்கு விழும் நட்சத்திரங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். புகார் சொல்லும் எல்லோரும் நிறுவனத்தின் பக்கத்துக்கே வந்து சொல்வதில்லை. பெயரைத் தப்பும் தவறுமாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பெயரே எழுதாமல், கட்டிதட்டிப்போன சிமென்ட் மூட்டையைப் படமெடுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களையும் தேடிப் பிடிப்பதில்தான் இந்த வேலையின் அருமை இருக்கிறது.

முதல் படி, எந்தெந்தச் சொற்களைத் தேடுவது, எவற்றை ஒதுக்குவது என்று ஒரு பட்டியல் போடுவது. அடுத்து, கிடைத்த பதிவுகளைப் பாராட்டு, குறை, இரண்டும் இல்லாதது என்று மென்பொருள் பிரிக்கும். ஒரு நாளில் வழக்கமாக வரும் எண்ணிக்கை திடீரென்று எகிறினால் எச்சரிக்கை போகும். 2003இல் வந்த கூகுள் அலெர்ட்ஸ் இதன் எளிய வடிவம். இதற்கென்றே தொடங்கப்பட்ட ரேடியன்6 என்ற கனடா நிறுவனத்தை 2011இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கியது. அதற்குள் இது பெருந்தொழிலாகிவிட்டிருந்தது.

கேட்க எளிதாக இருக்கும் இந்த முதல் படியே எவ்வளவு வழுக்கலானது என்பதை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை வைத்தே விளக்கிவிடலாம். ஆதியில் கடல் கிடந்த மண் அரியலூர். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பி ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு, இந்தியா சிமென்ட்ஸ், அரசின் டான்செம் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. இப்போது 'செட்டிநாடு' என்று தேடினால் வந்து குவிவது கோழிக்குழம்பும் காரைக்குடி வீடுகளும். இந்தியா சிமென்ட்ஸின் 'சங்கர்' சிமென்ட்டைத் தேடினால் இயக்குநர் ஷங்கரைப் பற்றிய பேச்சும் சேர்ந்து வரும். டான்செம் விற்கும் 'அரசு' சிமென்ட்டை அந்த ஒரு சொல்லால் தேடினால் தமிழ்நாட்டு அரசியல் முழுவதும் வந்து நிற்கும். பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் விராட் கோலியின் மட்டையில் ஒட்டியிருந்ததால் டயரைவிடக் கிரிக்கெட்தான் கண்ணில் படும். 2023 ஜூனில் அதன் பங்கு விலை ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியபோது பங்குச்சந்தைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். டால்மியாவின் கதை இன்னும் கனமானது. 2018 ஏப்ரலில் டெல்லி செங்கோட்டையைப் பராமரிக்கும் பொறுப்பை அந்த நிறுவனம் ஏற்றபோது நாடெங்கும் எழுந்த வாக்குவாதத்தில் சிமென்ட்டின் தரம் பற்றிய பேச்சே இல்லை.

இவை எல்லாவற்றையும் மிஞ்சியது 'வலிமை'. 2021 செப்டம்பரில் அன்றைய தொழில்துறை அமைச்சர் தங்கம் தென்னரசு, டான்செம் 'வலிமை' என்ற பெயரில் புதிய சிமென்ட் விற்கும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். அதே பெயரில் அஜித் நடித்த படம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. 'வலிமை அப்டேட்' கேட்பது ரசிகர்களிடையே ஓர் இயக்கமாகவே ஆகியிருந்த நேரம் அது. அந்த ஆண்டு பிப்ரவரியில் சேப்பாக்கம் டெஸ்டின்போது இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடமே அதைக் கேட்டார்கள். நிலைமை அத்துமீறியதால் அஜித்தே அறிக்கை விட வேண்டிவந்தது. சிமென்ட் அறிவிப்பு வந்ததும் மீம்கள் பறந்தன. நவம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சிமென்ட்டை அறிமுகப்படுத்தினார். மூட்டை விலை 350, 365 ரூபாய் என இரு ரகங்கள். படம் 2022 பிப்ரவரி 24 அன்று வெளியானது. அந்த மாதங்களில் 'வலிமை' என்ற சொல்லை எண்ணிப் பார்த்திருந்தால், தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்ட சிமென்ட் அதுதான் என்று எந்த இயந்திரமும் சொல்லியிருக்கும். மூட்டை, கொத்தனார், பூச்சு, வெடிப்பு, காங்கிரீட் போன்ற சொற்கள் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துப் பிரித்தால்தான் வீடு கட்டுகிறவரின் குரல் தனியே கேட்கும்.

பிரித்தெடுத்தபின் வருவது மொழிச் சிக்கல். தமிழர்கள் இணையத்தில் எழுதும் தமிழில் பெரும்பகுதி ஆங்கில எழுத்திலும் ஆங்கிலம் கலந்தும் வருகிறது. 'சூப்பர்' என்பது பாராட்டா நக்கலா என்பதைச் சூழல்தான் சொல்லும். 'சீக்கிரம் செட் ஆகுது' என்பது கூரை போடுகிறவருக்கு நல்ல செய்தி, பூச்சு வேலை செய்கிறவருக்குத் தொந்தரவு. இத்தகைய கலப்புத் தமிழின் மனநிலையைக் கணினிக்குக் கற்பிக்க 2020இல் ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் இருந்தவை சுமார் 15,700 யூடியூப் கருத்துகள், அவையும் சினிமா டிரெய்லர்களுக்கு வந்தவை. மிகவும் தேவைப்பட்ட, மதிக்கத்தக்க முயற்சி அது. ஆனாலும் டிரெய்லர் ரசிகரிடம் தமிழ் படித்த இயந்திரத்திடம் மேஸ்திரியின் பேச்சை ஒப்படைக்கும்போது, சரிபார்க்க ஒரு மனிதர் உடனிருக்க வேண்டும்.

காது கொடுப்பது அவசர காலத்தில் எவ்வளவு உதவும் என்பதற்கு 2021 அக்டோபரில் சொமாட்டோவுக்கு நேர்ந்தது சான்று. இந்தி தேசிய மொழி, அதைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று அதன் வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒரு தமிழ் வாடிக்கையாளரிடம் சொன்ன உரையாடல் ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) பரவியது. புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் எழுந்தது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. ஊழியர் நீக்கப்பட்டு, சில மணி நேரத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

வாங்குகிறவர்கள் மட்டுமே பேசுவதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகள், தூசி, கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் பற்றி அரியலூர்க்காரர்கள் எழுதுவது விற்பனைப் புகார் ஆகாது. 'வாடிக்கையாளர் அல்லாதவர்' என்று அதை ஒதுக்கிவிடும் அறிக்கை, ஆலைக்கு மிக அருகில் வாழ்பவர்களின் சொல்லை நிறுவனத்தின் காதுக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. இது பெரும் அநீதி.

கண்காணிப்புக்கு எட்டாத இடமும் உண்டு. வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முழுமையாகப் பூட்டப்பட்டவை, வெளியார் படிக்க முடியாது. ஊர்க் குழு, உறவினர் குழு, கொத்தனார் குழு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எக்ஸ் தளமும் தன் தரவுகளை இலவசமாக எடுக்கும் வழியை 2023இல் மூடத் தொடங்கியது. செய்தி ஆய்வாளர்கள் பயன்படுத்திய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தகவல்களுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பதால், பொதுப் பதிவை நிறுவனங்கள் படிப்பதற்கு அந்தச் சட்டம் தடையாக இல்லை.

பெரம்பலூர் கடைவீதியில் உள்ள சிறு வியாபாரிக்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கடைப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் வாரம் ஒருமுறை தேடிப் பார்ப்பதும், கூகுள் மேப்பில் வரும் குறைகளுக்குப் பெயர் சொல்லி மரியாதையாகப் பதில் எழுதுவதும் போதும். ஆள்வைத்து நட்சத்திரம் போடவைப்பதைத் தடுக்க, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற நெறிமுறையை வெளியிட்டது. கருத்து எழுதுபவர் உண்மையான ஆள்தானா என்று தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. பணம் கொடுத்து எழுதவைத்த கருத்துகளை வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது.