வாளியில் வந்த கரெண்ட் பில்!

இந்த ஐப்பசி மழையில் கரெண்ட் பில்லைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துக் கொட்டியது... ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்துகொண்டே!

சென்னையில் வெயிலே தலைகாட்டவில்லை. அப்புறம் எப்படி ஸார் சித்திரை மாச பில் வரும்? 'மீட்டர் தாறுமாறா ஓடுது' என்று சண்டை போட ஈ.பி. ஆபீஸுக்குக் கிளம்பினேன்.

"போறதுக்கு முன்னாடி இந்த வாளியைக் கொட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி. ஏ.ஸி. குழாயிலிருந்து ராத்திரி பூரா சொட்டிய தண்ணி. தினம் ஒரு வாளி, 10 லிட்டர்!

வீட்டுக்கு வந்திருந்த நண்பன் சிரித்தான். மருந்துத் தொழிற்சாலையில் இன்ஜினீயர். "மீட்டரைத் திட்டாதே. உன் பில் இந்த வாளியிலதான் இருக்கு."

காற்றிலிருக்கும் ஆவி ஒரு லிட்டர் தண்ணீராக வேண்டுமென்றால், சுமார் 2,400 கிலோ ஜூல் சூட்டை ஏ.ஸி. வாங்கி வெளியே தள்ளணுமாம். நான் பி.காம். ஜூலாவது, ஜூலையாவது! "யூனிட்ல சொல்லுப்பா" என்றேன். சுமாரான ஏ.ஸி.க்கு லிட்டருக்குக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. வாளிக்கு 2.2. ரெண்டு மாசத்துக்கு 130 யூனிட்டுக்கு மேல்! இது நன்றாகவே புரிந்தது. வயிற்றைக் கலக்கியது.

ஏ.ஸி. பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகம். புழுக்கத்தில் பேப்பர் உப்பிப்போய், ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காரவில்லை. அதற்கு வைத்தியமாக வில்லிஸ் கேரியர் என்ற 25 வயசு இன்ஜினீயர் வடிவமைத்த ஏற்பாடுதான் இன்று நம் தலைக்கு மேல் உறுமுகிறது.

"ஈரத்தை எடுக்கக் காத்தைக் குளிர வெச்சே ஆகணுமா?"

"வேணாம். புது ஷூ டப்பாவுல ஒரு குட்டிப் பொட்டலம் இருக்குமே..."

சிலிக்கா ஜெல்! அதைப் பூசிய சக்கரம் தொழிற்சாலைகளில் மெதுவாகச் சுற்றுகிறது. ஒரு பக்கம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மறுபக்கம் சூடான காற்றில் காய்ந்து, மறுபடி குடிக்க வரும். (நமக்குத் தெரிந்த சில பேர் மாதிரி!) காய வைக்கிற சூடு பாய்லரில் வீணாகிறதாகவோ, வெயிலில் கிடைக்கிறதாகவோ இருந்தால் லாபம். ஈரம் போன காற்று கொஞ்சம் சூடாகத்தான் வரும்; அதைக் குளிர வைப்பது மட்டுமே ஏ.ஸி.யின் வேலை.

வீட்டில் அந்தச் சூட்டுக்கு கரெண்ட் ஹீட்டர் போட்டால்? கோவணத்துக்காக மாடு வாங்கின சாமியார் கதைதான்.

"அப்ப எனக்கு வழி?"

"ஈரத்தை உள்ளேயே விடாதே. ஜன்னலைச் சாத்து. அதுசரி... அது என்னடா?"

திரும்பினேன். ஜன்னலிலிருந்து பீரோ வரை கொடி. புடவை, லுங்கி, என் நாலு பனியன்.

"மழையில வேற எங்க காயப் போடறதாம்?" என்றாள் மனைவி.

ஆக, துணியிலிருக்கிற தண்ணியைக் காற்றில் ஏற்றி, அதையே காசு கொடுத்து வாளியில் இறக்கியிருக்கிறேன்!

கொடி வராந்தாவுக்குப் போய்விட்டது. ஏ.ஸி. 26-ல், கூடவே ஃபேன். இப்போதெல்லாம் வாளி பாதிதான் நிறைகிறது. பனியன்தான் மூணு நாளாகக் காயவில்லை. ஈரத்தோடுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்... ஹச்!