மிச்சச் சோறும் பன்றியின் எலும்பும்

தி.நகர் ஓட்டல், மயிலாப்பூர் மெஸ், அடையாறு கல்யாண மண்டபம் என்று நகரத்தில் தினமும் மிஞ்சுகிற சோறும் இட்லியும் வெண்பன்றிக்கு நல்ல தீனிதான். குட்டி மளமளவென்று எடை போடும். அந்த எடையைத் தாங்க வேண்டிய எலும்புக்குத்தான் அதில் எதுவும் இல்லை.

25 முதல் 50 கிலோ வரை எடையுள்ள பன்றிக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் ஆறரை கிராம் கால்சியம் வேண்டும். அரிசியில் கிலோவுக்கு அரை கிராம்கூடத் தேறாது. தவிடு சேர்த்தால் நிலைமை மோசமாகும். அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதிலும் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கிடப்பதால், ஒற்றை இரைப்பை கொண்ட பன்றியால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. மாட்டுக்கு அந்த வேலையை வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் செய்துவிடும்.

கால்சியம் போதாதபோது பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. அதனால் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே தெரியலாம். பால் கொடுக்கும் தாய்ப்பன்றி ஒருநாள் பின்னங்கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். இந்த வேதனை முழுக்கத் தவிர்க்கக்கூடியது என்பதே எனக்கு ஆறவில்லை.

சுண்ணாம்புக்கல் தூளிலும் கிளிஞ்சல் தூளிலும் முப்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் கால்சியம் உண்டு, பாஸ்பரஸ் கிடையாது. டிசிபி எனப்படும் டைகால்சியம் பாஸ்பேட்டில் இரண்டும் உண்டு. மலிவு என்று சுண்ணாம்பை மட்டும் அள்ளிப் போடக் கூடாது. பன்றியின் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும் நோய்க்குத் துத்தநாகம் மருந்து என்று 1955-ல் அமெரிக்காவின் டக்கர், சால்மன் இருவரும் காட்டினார்கள். கால்சியம் மிகுந்தால் பைட்டேட்டோடு சேர்ந்து துத்தநாகத்தையும் உடலுக்குக் கிடைக்கவிடாது.

நொச்சிக்குப்பம் பக்கம் ஆய்ந்து ஒதுக்கும் மீன் தலையிலும் முள்ளிலும் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டும் செரிக்கும் வடிவில் இருக்கின்றன. அளவோடு கொடுக்கலாம், மிஞ்சினால் இறைச்சியில் மீன் வாடை அடிக்கும். மீனோ சோறோ, நன்றாகக் கொதிக்கவைக்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள். 2020-ல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மிச்ச உணவு வழியாகவும் பரவும், அதற்கு மருந்தில்லை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வளாகத்தில் பன்றி வளர்ப்பு ஆய்வும் தீவன ஆய்வும் நடக்கின்றன. பண்ணை வைத்திருப்பவர்கள் கண்ணளவில் தாதுஉப்பு போடுவதை விட்டு, அங்கேயோ பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ அளவு கேட்டுப் போடுங்கள்.