எந்த நேரத்தில் சொட்டுகிறது?

மொட்டைமாடி சோலார் ஹீட்டரில் ஒழுக்கு கண்டால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்த்துவைக்க வேண்டியவை

ஜேடர்பாளையம் வட்டாரத்தில் வீட்டு மனை பார்க்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே "தண்ணி எப்படி?" என்று கேட்டுவிடுவார்கள். காவிரித் தடுப்பணையில் பிரியும் ராஜவாய்க்காலை ஒட்டிய பக்கம் என்றால் கவலை குறைவு. அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதாக ஊர் சொல்லும் அந்த வாய்க்கால், கரும்பையும் வாழையையும் வெற்றிலைக் கொடிக்காலையும் வளர்ப்பதோடு, போகிற வழியில் கிணறுகளிலும் நல்ல தண்ணியை ஊறவைக்கிறது. வாய்க்காலை விட்டு மேட்டுப் பக்கம் விலகிப் பாறையைத் துளைத்து ஆழமாகப் போர் போட்டால், பல இடங்களில் சப்பத் தண்ணிதான் வரும். சோப்பு நுரைக்காது. குழாய் முனையில் வெள்ளை பூக்கும்.

இரண்டு பக்கமும் அடிக்கும் வெயில் ஒன்றுதான். மாடியில் மாட்டிய சோலார் ஹீட்டரும் ஒரே கம்பெனியாக இருக்கலாம். ஆனாலும் ஒன்று பதினைந்து ஆண்டு உழைக்கிறது, இன்னொன்று பாதி வயதிலேயே ஒழுகத் தொடங்குகிறது. ஹீட்டரின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவுசெய்வது உள்ளே ஓடும் தண்ணீர். ஒழுக்கு என்பது அந்தத் தண்ணீர் எழுதித் தரும் புகார் மனு. அடைப்பதில் அவசரப்படாமல், அது எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிறத்தில் வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் வீண் செலவு மிச்சம்.

மோட்டார் இல்லாத எந்திரம்

தொட்டியை மேலேயும் வெயிலில் காயும் குழாய்களைக் கீழேயும் தனித்தனியாக வைக்கும் அமைப்பை, 1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சூடான தண்ணீர் அடர்த்தி குறைந்து மேலேறும்; குளிர்ந்தது அந்த இடத்துக்குக் கீழிறங்கும். பம்பு வேண்டாம், கரன்ட் வேண்டாம். இரவிலும் வெந்நீர் கிடைக்கும் என்பதால் 'டே அண்ட் நைட்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். இன்று நம் மாடிகளில் அதிகம் தென்படும் கண்ணாடிக் குழாய் ஹீட்டரும் இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. குழாய்க்கு இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம், உள்சுவரின் மேல் வெயிலை உறிஞ்சும் கரிய பூச்சு. குழாயின் வாய், தொட்டியில் உள்ள துளைக்குள் ஒரு சிலிக்கான் ரப்பர் வளையத்தின் பிடியில் நிற்கிறது.

2010-ல் தொடங்கிய தேசிய சோலார் திட்டம், 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் அளவுக்கு வெயில் வெப்பம் சேகரிக்கும் பரப்பை நாட்டில் அமைப்பது என்று இலக்கு வைத்தது. வெந்நீர் அமைப்புகளுக்கு மத்திய அரசின் மானியம் கிடைத்தது. 2014-ல் அது நின்றது. மானிய காலத்தில் ஏறிய ஹீட்டர்களுக்கெல்லாம் இன்று பத்து வயது தாண்டிவிட்டது. வளையம் இறுகிப்போகிற, வெல்டிங் அரித்துப்போகிற வயது அது. லாரிக்கு நேரம் தவறாமல் ஆயில் மாற்றி எஃப்.சி. காட்டும் நாமக்கல் மாவட்டத்தில்கூட, சத்தம் போடாமல் மாடியில் கிடக்கிற காரணத்தால் இந்த எந்திரத்துக்கு சர்வீஸ் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருவதில்லை.

கடிகாரத்தைப் பாருங்கள்

சொட்டுகிற எல்லாமே ஓட்டை ஆகாது. சூடேறினால் தண்ணீர் விரியும். 200 லிட்டர் தொட்டியில் 25 டிகிரியில் இருந்த தண்ணீர் 75 டிகிரிக்குப் போனால் சுமார் நாலரை லிட்டர் பெருகும். அது எங்காவது போயாக வேண்டும். குளிர்நீர் வரும் லைனில் திரும்பவிடாத வால்வு இருந்தால், தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாய் வழியாகத்தான் வெளியேறும். வெயில் உச்சிக்கு ஏறும்போது அங்கே சொட்டி, மாலையில் நின்றுபோனால் ஹீட்டர் நலமாக இருக்கிறது என்று பொருள். வால்வு இல்லாத வீடுகளில் அந்த உபரி குளிர்நீர்த் தொட்டிக்கே திரும்பிவிடும், ஒன்றும் தெரியாது. இந்தக் காற்றுக்குழாயை எம்-சீல் போட்டு அடைப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தீங்கு இல்லை. போக வழியற்ற அழுத்தம் வளையங்களையும் தொட்டியின் தையலையும் பிதுக்கிவிடும்.

மோட்டார் போட்டு மேல்தொட்டி நிறைந்தவுடன் அதே காற்றுக்குழாயில் தண்ணீர் கொட்டினால் விஷயம் வேறு. குழாயின் முனை மேல்தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் தண்ணீர் தன் மட்டத்தைத் தேடி வெளியே வரத்தான் செய்யும். பழைய சின்டெக்ஸை எடுத்துவிட்டு, மாடிப்படி அறைக்கு மேல் புதிதாக உயரத்தில் வைத்த வீடுகளில் இது நடக்கும். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு கிராம் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் தாங்காத சாதாரண வகை ஹீட்டரில், அந்தச் சுமையும் ரப்பர் வளையங்கள் மேல்தான் விழும். எவ்வளவு உயரம் தாங்கும் என்பது ஹீட்டரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

இரவு, பகல், வெயில், மழை எதுவும் பாராமல் சொட்டினால் அது உண்மையான ஒழுக்கு. வெளியே எங்குமே ஈரம் இல்லாமல், விடியற்காலையில் வெந்நீர் மட்டும் ஆறிப்போயிருந்தால் கீழே பாத்ரூம் குழாயையும் சுவருக்குள் போகும் லைனையும் பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு, இருபது சொட்டுக்கு ஒரு மில்லி என்று கணக்கிட்டாலே நாளுக்கு நாலு லிட்டருக்கு மேல் போகிறது. போகிற ஒவ்வொரு சொட்டு வெந்நீருக்கும் பதிலாக ஒரு சொட்டுக் குளிர்நீர் தொட்டிக்குள் நுழைகிறது.

வெள்ளைத் தடம், செம்மண் தடம்

சொட்டு காய்ந்த பிறகும் தடம் நிற்கும். குழாயும் தொட்டியும் சேரும் இடத்தில் வெள்ளை உப்புக் கோடு இறங்கியிருந்தால் வளையம் கசிகிறது. வெயிலில் ரப்பர் இறுகியிருக்கலாம், உப்பு ஏறி வாய் திறந்திருக்கலாம், தாங்கும் ஸ்டாண்டு துருப்பிடித்து இறங்கியதில் குழாய் கோணியிருக்கலாம். சந்தேகம் உள்ள இடத்தைத் துடைத்துக் காயவைத்துச் செய்தித்தாளைச் சுற்றிவிட்டால், காலையில் நனைந்த தாள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

குழாயின் அடிமுனையையும் கவனியுங்கள். நல்ல குழாயின் அடியில் கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பேரியம். வெற்றிடத்துக்குள் காற்று புகுந்தால் பால் வெள்ளையாக மாறிவிடும். அந்தக் குழாய் ஒழுகாது. ஆனால் சூடும் பிடிக்காது. வளையம் மாற்ற ஆள் ஏறும் நாளிலேயே அதையும் மாற்றிவிடுவது சிக்கனம்.

தொட்டியின் வெளிக்கூட்டில் அடிப்பக்கம் செம்பழுப்பாகத் துருநீர் வடிந்தால்தான் கெட்ட செய்தி. உள்தொட்டியின் வெல்டிங் போய்விட்டது. உள்தொட்டிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் நுரைப்பஞ்சு அடைத்திருப்பதால் ஓட்டையை நேரடியாகத் தொடவே முடியாது. வெளியிலிருந்து எதைப் பூசினாலும் சில நாள்தான். நனைந்த பஞ்சு சூட்டையும் தக்கவைக்காது. துளைகளின் அளவும் இடைவெளியும் பொருந்துகிற புதுத் தொட்டி கிடைத்தால், பழைய குழாய்களையும் ஸ்டாண்டையும் வைத்துக்கொண்டு தொட்டியை மட்டும் மாற்றலாம்.

செப்புக் குழாய் ஓடும் தட்டை வகை ஹீட்டராக இருந்தால், கசியும் செம்பைப் பற்றவைத்துச் சரிசெய்ய முடியும். ஆனால் அதன் மெல்லிய குழாய்கள் சப்பத் தண்ணியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

நண்பகலில் கை வைக்காதீர்கள்

தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் வீடுகளில் ஒரு மட்டை விழுந்தாலே குழாய் நொறுங்கும். அப்போது ஒரு குழாயின் தண்ணீரோடு போகாது. தொட்டி முழுவதும் கொட்டும், அதற்குப் பின்னால் மேல்தொட்டியும் காலியாகும். ஹீட்டருக்குப் போகும் குளிர்நீர் லைனின் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதை மூடுவது முதல் வேலை. அடுத்து, ஹீட்டரில் கரன்ட் காயில் இருந்தால் அதன் எம்.சி.பி.யை இறக்குங்கள். காயில் பொருத்திய இடத்தில் கசிகிற தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் இல்லாத தொட்டியில் காயில் ஓடினால் அது கருகும்.

மிகப் பெரிய தவறு, காலியான ஹீட்டரில் உடனே தண்ணீர் விடுவது. வெறும் குழாய் வெயிலில் கிடந்தால் உள்ளே 200 டிகிரி வரை ஏறும். அதில் குளிர்நீர் பட்டதும் போரோசிலிகேட் கண்ணாடியாக இருந்தாலும் வெடிக்கும். மீதிக் குழாய்களைத் துணியால் மூடிவிட்டு, பொழுது சாய்ந்து கண்ணாடி ஆறிய பிறகோ விடியற்காலையிலோ நிரப்ப வேண்டும். குழாய் கழற்றுவதும் அந்த நேரத்து வேலைதான். வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, குழாயைத் திருகிக்கொண்டே தொட்டிக்குள் மேலே தள்ளி, அடிமுனை தாங்கியிலிருந்து விடுபட்டதும் கீழே இழுப்பார்கள். 58 மில்லிமீட்டர் பருமனும் 1,800 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு குழாயில் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். சூடாக இருக்கும்போது அது கையில் சரிந்தால் தோல் வெந்துவிடும்.

உப்பை எப்படிச் சமாளிப்பது?

விறகடுப்பில் வெந்நீர் வைத்த அண்டாவின் அடியில் வெள்ளைப் பொருக்கு ஏறுவதை இந்தப் பக்கத்து வீடுகள் எப்போதோ பார்த்தவை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அண்டாவைத் தேய்த்துக் கழுவினோம். ஹீட்டருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாததால் விட்டுவிடுகிறோம். இன்னொரு எதிரி குளோரைடு. சூடான உப்புத் தண்ணீர், எவர்சில்வர் தொட்டியையும் வெல்டிங் ஓரங்களில் ஊசிமுனை அளவுக்குக் குத்தித் துளைக்கும்.

இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. 1824-ல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் கடல்நீரிடமிருந்து காக்க, அதோடு இரும்பையும் துத்தநாகத்தையும் சேர்த்துப் பொருத்தினார். அரிப்பு அவற்றைத் தின்றது, செம்பு தப்பியது. பல ஹீட்டர் தொட்டிகளுக்குள் தொங்கும் மெக்னீசியம் கம்பிக்கும் அதே வேலைதான். கம்பி தீர்ந்த பிறகு, அடுத்த பலி தொட்டி. கம்பி எவ்வளவு மிச்சம் என்று ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நல்ல தண்ணிக்கும் போர் தண்ணிக்கும் தனித்தனி மேல்தொட்டி இருந்தால், ஹீட்டருக்கு நல்ல தண்ணி லைனைக் கொடுப்பதுதான் மலிவான வைத்தியம். துணி துவைக்கவும் வாசல் கழுவவும் போர் தண்ணி போதும். போர் தண்ணியைத் தவிர வழியில்லை என்றால், வடிகால் வால்வைத் திறந்து அடியில் சேரும் சேற்றையும் உப்பையும் அவ்வப்போது வெளியேற்றுங்கள். புதிதாக வாங்குபவர்கள், தண்ணீரைச் சோதித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும்: "இந்த உப்புக்கு வாரன்டி செல்லுமா?" கடின நீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வரி அட்டையில் இருந்தால், எத்தனை ஆண்டு வாரன்டி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தும் பயனில்லை.

இத்தனை பாடு எதற்கு, கீசர் போதாதா என்று தோன்றலாம். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். 2016-ல் வந்த 100 யூனிட் இலவசத்தைத் தாண்டி, மொத்த பில்லையும் அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடும் அளவு அது. ஆகவே வளையமோ குழாயோ போன ஹீட்டரைப் பழுதுபார்ப்பதே லாபம். தொட்டி போனால், மாற்றுவதற்கு முன் தண்ணீர் லைனை மாற்றுங்கள். புரட்டாசியிலேயே சர்வீஸை முடித்துவிட்டால், மார்கழியில் வெந்நீருக்கு அலைய வேண்டியிருக்காது.