சீட்டில் எழுதிய ஊர்

டோக்கியோவில், மெகுரோ ஒட்டுண்ணி அருங்காட்சியகத்தில் 8.8 மீட்டர் நாடாப்புழு ஒன்று இருக்கிறது. சதோரு கமேகாய் என்ற மருத்துவர் 1953-ல் தொடங்கிய இடம் அது. பார்வைக்கு இருப்பவை சுமார் 300 மாதிரிகள். சேகரிப்பில் இருப்பவை ஏறத்தாழ 60,000. வருகிறவர்கள் நீளத்தைப் பார்த்து வாய்பிளந்துவிட்டுப் போகிறார்கள், அதில் தவறில்லை. யாரும் எட்டிப் பார்க்காத மிச்சத்தை எதற்குக் காசு செலவழித்துக் காக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஜாடிக்குள் புழுவோடு ஊறிக் கிடக்கும் துண்டுச் சீட்டுக்காக என்பேன். எந்த உயிரின் குடல், எந்த ஊர், எந்த நாள் என்ற மூன்றும் அதில் இருந்தால் புழு ஒரு சாட்சி. இல்லாவிட்டால் அது ஸ்பிரிட்டில் மிதக்கும் வெள்ளை நூல்தான்.

ஊர்ப் பெயரை எழுதுவது எளிது; நூறு வருஷம் கழித்து அதைப் படிப்பது அத்தனை எளிதல்ல. திருத்தணியையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊர் ஆட்டின் வயிற்றிலிருந்து 1905-ல் யாராவது ஒரு புழுவை எடுத்து வைத்திருந்தால், சீட்டில் வட ஆர்க்காடு மாவட்டம் என்று இருக்கும். 1911-க்குப் பிறகு எடுத்திருந்தால் சித்தூர் மாவட்டம். 1953 அக்டோபரில் மாநிலமே மாறி ஆந்திரம் ஆகிவிடும். 1960 ஏப்ரலில் எல்லைத் தகராறு தீர்ந்து ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்ததும் செங்கல்பட்டு. 1997 முதல் திருவள்ளூர். தணிகை மலையும் அதன் 365 படிகளும் இருந்த இடத்திலேயே இருக்க, சீட்டு மட்டும் நான்கு மாவட்டங்கள் சுற்றி வந்துவிடும். வெறுமனே ‘சித்தூர் மாவட்டம்’ என்று எழுதியிருந்தால், இன்றைக்குக் கணினியில் பட்டியல் ஏற்றுகிறவர் அதை ஆந்திரப் புழுவாகப் பதிந்துவிடுவார். ம.பொ.சி. போராடி மீட்ட ஊரை ஒரே வரியில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதெல்லாம் குமாஸ்தா வேலை, விஞ்ஞானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொக்கிப்புழுவின் கதை அதற்குப் பதில். இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் குடலில் கிடைத்த கொக்கிப்புழுவை 1911-ல் ஆர்தர் லூஸ் தனி இனமாக விவரித்து, ஊர்ப் பெயராலேயே அன்சைலோஸ்டோமா சிலானிகம் என்று அழைத்தார். இரண்டே வருஷத்தில் லைப்பர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், பிரேசிலில் 1910-ல் விவரிக்கப்பட்ட பிரேசிலியென்ஸே என்ற புழுவும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1951-ல் இத்தாலியரான எத்தோரே பியோக்கா இரண்டையும் மறுபடி ஒப்பிட்டு, பல்லமைப்பும் ஆண்புழுவின் வால்விசிறிக் கதிர்களும் வேறு வேறு என்று காட்டிப் பிரித்தார். வால்விசிறியைப் பற்றி நாற்பது வருஷச் சண்டையா என்று சிரிக்க வேண்டாம். நாயிலும் பூனையிலும் வாழும் சிலானிகம் மனிதக் குடலிலும் வளர்ந்து முட்டையிடும். பிரேசிலியென்ஸேயோ மனிதத் தோலுக்கடியில் நெளிந்து அரிப்பைக் கொடுப்பதோடு நின்றுவிடும். இரண்டும் ஒன்றென்று நம்பினால், பூச்சி மாத்திரையை மனிதருக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, தெருநாயையும் கணக்கில் எடுக்க வேண்டுமா என்ற கேள்வியே குழம்பிப்போகும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும், பிள்ளைகளுக்கு மட்டுமின்றி ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்தால் கொக்கிப்புழு போன்றவை பரவுவதையே நிறுத்த முடியுமா என்று ஆராய்ந்தது அண்மைக் காலத்தில்தான். அந்த வேலைக்கு அடியில் கிடப்பது, எது எந்தப் புழு என்ற இந்தப் பழைய வழக்கு.

சரி, இனி மரபணுவைப் படித்துப் படமெடுத்து வைத்துக்கொண்டால் போதாதா, ஜாடி எதற்கு? மரபணு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படமும் மரபணு வரிசையும் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். உடல் இருந்தால், அன்றைக்கு யாருக்கும் தோன்றாத கேள்வியையும் பின்னால் கேட்கலாம். யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்கிறது என்று 1877-ல் கண்ட மருத்துவர் மேன்சன், கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால்தான் நோய் வருகிறது என்றே பல காலம் நினைத்தார். பிரிஸ்பேனிலிருந்து தாமஸ் பான்கிராஃப்ட் பதப்படுத்தி அனுப்பிய கொசுக்களை 1900-ல் லண்டனில் ஜார்ஜ் லோ மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தார். புழுக்கள் கொசுவின் ஊசிவாய்க்குள்ளேயே வரிசை கட்டி நின்றன. அதே ஆண்டு இந்தியாவில் பணியிலிருந்த எஸ். பி. ஜேம்ஸும் இதைக் கண்டார். இதைவிட எனக்குப் பிடித்த சான்று புதியது. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடலில் 1880 முதல் 2019 வரை பிடித்து ஜாடியில் வைத்த 699 மீன்களைச் செல்சியா வுட் குழுவினர் அறுத்து, உள்ளே இருந்த புழுக்களை எண்ணினார்கள். மூன்றோ அதற்கு மேலோ உயிர்களில் மாறி மாறி வாழும் ஒட்டுண்ணிகள் பத்தாண்டுக்கு சுமார் 11 சதவீதம் குறைந்து வந்தது 2023-ல் வெளியானது. அந்த மீன்களைச் சேர்த்தவர்கள் யாரும் புழுவை நினைத்திருக்க மாட்டார்கள். பழைய ஜாடிகள் ஃபார்மலினில் ஊறியவை, அதில் மரபணு சிதைந்திருக்கும் என்கிற மறுப்பும் இங்கே எடுபடாது. எண்ணுவதற்கு மரபணு வேண்டாம். ஊரும் நாளும் எழுதிய சீட்டு போதும்.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. புழு நம் எதிரி. அதற்கு அலமாரி கட்டும் காசில் கழிப்பறை கட்டலாமே? கழிப்பறைதான் முதலில் என்பதில் எனக்கு வேறு கருத்தில்லை. ஆனால் ஒழிப்பில் வெல்ல வெல்ல, மிஞ்சும் மாதிரிகளின் மதிப்பு கூடுகிறது. நரம்புச்சிலந்தி என்ற புழுவின் கடைசி இந்திய நோயாளி 1996-ல், ராஜஸ்தானில். 2000-ல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்குப் பத்தாண்டுக்கு மேல் கழித்து, ஆப்பிரிக்காவின் சாட் நாட்டு நாய்களில் நரம்புச்சிலந்தி கூட்டமாகக் கிளம்பியபோது, அது மனிதரைத் தாக்கும் அதே புழுவா என்று உடலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இந்தியப் புழுவோடு அதை ஒப்பிட நினைத்தால் ஜாடியைத் தவிர வேறு போக்கிடமில்லை. ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவும் இதையே சொல்கிறது. பென்சிமிடசோல் வகை மருந்து 1961-ல் வந்த சில ஆண்டுகளிலேயே அதற்கு அடங்காத புழுக்கள் தலைகாட்டின. புழுவின் ஒரு புரதத்தில் 200-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினால் போதும், மருந்து பிடிக்காது. அந்த மாற்றம் மருந்துக்கு முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததா, பின்னால் வந்ததா? 1961-க்கு முன் ஸ்பிரிட்டில் போட்ட, தேதி எழுதிய புழுவால்தான் சொல்ல முடியும். தேசியக் குடற்புழு நீக்க நாளில் நம் பள்ளிப் பிள்ளைகள் மென்று விழுங்கும் அல்பெண்டசோலும் அதே குடும்பத்து மருந்து.

கொல்கத்தாவில் 1916 முதல் இந்திய விலங்கியல் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள ஜாடிகளுக்குப் பதிவேடும் ஆளும் உண்டு. என் கவலை கல்லூரி விலங்கியல் துறைகளின் அலமாரிகள் பற்றியது. வகுப்பில் அறுத்துக் காட்டும் வழக்கம் குறைந்த பிறகு, அங்கே இருக்கும் மீனும் தவளையும் ஓணானும் வெறும் இடத்தடைசலாகத் தெரிகின்றன. அவற்றின் குடல்களுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இடம் வேண்டுமென்றால் ஜாடிகளை வேறிடத்துக்கு மாற்றட்டும். அதற்கு முன், வெளியே ஒட்டிய சீட்டை ராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சிய எழுத்துகளைப் படித்து, பென்சிலால் ஒரு காகிதத்தில் ஊரும் தேதியும் எழுதி உள்ளே போட ஒருவருக்கு ஒரு வாரம் பிடிக்கும்.